குழாய்க் கணக்கும் கொல்லைப்புற வீடும்

நகரங்களின் வரவு செலவு – 17

2016ஆம் ஆண்டில் கலிஃபோர்னியா மாநிலம் முழுவதிலும் அனுமதி பெற்ற கொல்லைப்புற வீடுகள் ஆயிரத்துச் சொச்சம்தான். 2022இல் அந்த எண்ணிக்கை 20,000ஐத் தாண்டிவிட்டது.

முன்வீட்டுக்குப் பின்னால் தனியாகவோ, கார் ஷெட்டை மாற்றியோ, ஒரு அடுப்படி, ஒரு குளியலறை, ஒரு படுக்கையறை வைத்துக் கட்டிக்கொள்ளும் சிறு வீடு அது. நம் ஊரில் அவுட்ஹவுஸ் என்போம். வயதான அம்மா, அப்பா அதில் இருப்பார்கள். கல்யாணமான பிள்ளை சொந்த வீடு வாங்கும்வரை தங்கியிருப்பான். ஊரில் பெரிய வீட்டுக்கு வாடகை கொடுக்க முடியாத ஆசிரியையோ நர்ஸோ குடிவருவார். வீட்டுப் பஞ்சத்தில் தவிக்கும் ஒரு மாநிலத்துக்கு, இருக்கிற மனையிலேயே இருக்கிற தெருவிலேயே கிடைக்கும் வீடு இது.

ஆறு ஆண்டுகளில் இவ்வளவு மாற்றம் எப்படி வந்தது? பார்க்கிங் விதி தளர்ந்தது, எல்லைச்சுவரிலிருந்து விடவேண்டிய இடம் குறைந்தது என்று பல காரணங்கள் உண்டு. அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று தெருவுக்கு அடியில் இருக்கிறது. குடிநீர்க் குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் அந்தச் சிறு வீடு எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்ற கணக்கு மாறியது. இந்த அத்தியாயம் அந்தக் கணக்கைப் பற்றியது.

1978 ஜூன் 6

மனை உரிமையாளர்கள் மேல் போட்ட சிறப்புத் தீர்வைகள் 1930களின் பெருமந்தத்தில் வசூலாகாமல் நகரங்கள் தத்தளித்ததைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சொத்து வரிதான் நகரங்களின் முதுகெலும்பு ஆனது. கலிஃபோர்னியாவில் அந்த முதுகெலும்பு ஒரே நாளில் முறிந்தது.

1970களில் அங்கே வீட்டு விலை ஏறிய வேகத்தில் வரியும் ஏறியது. ஓய்வூதியத்தை நம்பி வாழ்ந்த முதியவர்கள், வரி கட்ட முடியாமல் சொந்த வீட்டையே இழந்துவிடுவோமோ என்று அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானது. அதைத் திரட்டி இயக்கமாக்கியவர் ஹோவர்ட் ஜார்விஸ். 1978 ஜூன் 6 அன்று மக்கள் வாக்கெடுப்பில் 13ஆம் முன்மொழிவு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளோடு நிறைவேறியது. சொத்து வரி, மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மதிப்பு 1975-76ஆம் ஆண்டு நிலைக்கு இறங்கும். அதன்பின் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. வீடு கைமாறினாலோ புதிதாகக் கட்டினாலோதான் அன்றைய சந்தை விலைக்கு வரும்.

ஒரே ஆண்டில் சொத்து வரி வருவாய் பாதிக்கு மேல் சரிந்தது. ஆனால் நகரங்களின் செலவு குறையவில்லை. ஏற்கெனவே குடியிருப்பவர்களிடம் கூடுதலாகக் கேட்கச் சட்டம் தடை. மிச்சமிருந்தவர்கள் இனிமேல் வரப்போகிறவர்கள் மட்டுமே. அவர்களுக்கு அந்த ஊரில் இன்னும் ஓட்டுகூடக் கிடையாது. சாலை, பூங்கா, நூலகம், தீயணைப்பு நிலையம், குடிநீர், கழிவுநீர் என்று தனித்தனியாகத் தலைப்பிட்டு, புதுக் கட்டடங்களின் மேல் வளர்ச்சிக் கட்டணங்கள் ஏறின. பழைய வீடு தன் பழைய வரியோடு நிற்க, அதே தெருவில் புதிதாக எழும்பும் வீடு, வாசற்கதவு வைப்பதற்கு முன்பே பெருந்தொகை கட்ட வேண்டிய நிலை வந்தது.

இதற்கு ஒரு வரம்பு போட 1987இல் மாநிலச் சட்டமன்றம் முயன்றது. கட்டணம் எதற்காக, எங்கே செலவாகும், புதுக் கட்டடத்தால் வரும் சுமைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நகரம் சொல்லியாக வேண்டும். பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். 1994இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. ஆரிகன் மாநிலத்தின் டைகார்டு நகரில் குழாய், மின்சாதனக் கடையைப் பெரிதாக்க அனுமதி கேட்டவரிடம், சைக்கிள் பாதைக்கும் வெள்ளநீர்ப் பகுதிக்கும் நிலம் கேட்டது நகராட்சி. டோலன் வழக்கு என்று பேர் பெற்ற அதில், நகரம் கேட்பது கட்டடத்தால் கூடும் சுமைக்கு ஏறக்குறைய ஈடாக இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. சுமைக்கு ஈடு என்ற இந்தக் கொள்கைதான் இனிவரும் கதையின் அச்சு.

சின்ன வீட்டுக்கு முழு டிக்கெட்

கொல்லைப்புற வீட்டுக்குக் கலிஃபோர்னியா சட்டத்தில் இடம் கிடைத்தது 1982இல். சட்டமன்றத்தில் அதைக் கொண்டுவந்தவர் ஹென்றி மெல்லோ. ஆனால் நிபந்தனைகள் பெரும்பாலும் நகரங்களின் கையில்தான் இருந்தன. பெரிய மனை வேண்டும், கூடுதல் பார்க்கிங் வேண்டும், அண்டை வீட்டார் முன்னிலையில் விசாரணை நடக்க வேண்டும் என்று பல ஊர்கள் கதவைச் சாத்தின. 2003 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இன்னொரு சட்டம் விசாரணையை நீக்கியது. விதிக்குப் பொருந்தினால் அதிகாரி அனுமதி கொடுத்தே ஆக வேண்டும். அப்போதும் கட்டணத்தை யாரும் தொடவில்லை.

அந்தக் கட்டணம் எப்படி வந்தது என்று பார்ப்போம். அடுத்த இருபது ஆண்டுகளில் சுத்திகரிப்பு நிலையத்தை விரிவாக்க வேண்டும், பம்பிங் ஸ்டேஷன் வேண்டும், பெரிய குழாய் பதிக்க வேண்டும் என்று பொறியாளர்கள் ஒரு மொத்தச் செலவு போடுவார்கள். அதை அந்தக் காலத்தில் வரப்போகும் வீடுகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். வருவது ஒரு வீட்டின் பங்கு. கணக்கு எளிது, வசூலும் எளிது. ஆனால் 4,000 சதுர அடி மாளிகையும் ஒரு வீடு. அதன் பின்னால் பாட்டிக்குக் கட்டிய 400 சதுர அடி அறையும் ஒரு வீடு. மடியில் உட்காரும் குழந்தைக்கும் முழு டிக்கெட் கேட்ட கண்டக்டரைப் போல, பல ஊர்கள் இரண்டிடமும் ஒரே தொகை கேட்டன. எல்லாக் கட்டணமும் சேர்ந்து பல இடங்களில் பத்தாயிரக்கணக்கான டாலருக்குப் போனது. பெரிய வீடு கட்டும் நிறுவனம் அதை விலையில் சேர்த்துவிடும். கொல்லையில் ஓர் அறை கட்ட நினைத்த ஓய்வுபெற்ற தம்பதிக்கு அந்தத் தொகையே முற்றுப்புள்ளி ஆகிவிடும். முறைப்படி கட்ட வழியில்லாதவர்கள் அனுமதி வாங்காமலே கட்டினார்கள். அப்படிக் கட்டிய வீட்டில் குடியிருப்பவருக்கு வயரிங் சரியா, வெளியேற வழி உண்டா என்று பார்க்க அரசாங்கத்தில் ஆள் இல்லை. கட்டண அட்டவணையின் இந்த விளைவைத்தான் நான் மிகவும் கவலையோடு பார்க்கிறேன்.

கடலோர நகரமான சான்டா குரூஸ் இதைச் சீக்கிரமே உணர்ந்தது. 2003 வாக்கில் அந்நகரம் மாதிரி வரைபடங்களையும் கையேட்டையும் தயாரித்துக் கொடுத்து, குறைந்த வருமானக்காரர்களுக்குக் குறைந்த வாடகையில் விடச் சம்மதித்தால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாகச் சொன்னது. நாடு முழுவதும் மெச்சிய திட்டம் அது. ஆனால் ஒரு சிறு நகரத்தின் நல்லெண்ணம் மாநிலம் முழுவதற்கும் போதாது.

போர்ட்லண்ட் போட்ட வழி

டோலன் வழக்கு பிறந்த டைகார்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது போர்ட்லண்ட். ஆரிகனில் 1989 முதல் நகரங்கள் வளர்ச்சிக் கட்டணம் வாங்கச் சட்டம் உண்டு. போர்ட்லண்டில் குடிநீர், கழிவுநீர், போக்குவரத்து, பூங்கா என நான்கு தலைப்புகளில் வாங்கினார்கள். 2008இன் நிதி நெருக்கடிக்குப் பிறகு கட்டுமானத் தொழில் படுத்துவிட்டது. 2010இல் நகர மன்றம் ஒரு முடிவெடுத்தது: கொல்லைப்புற வீடுகளுக்கு இந்த நான்கு கட்டணங்களும் சில ஆண்டுகளுக்குத் தள்ளுபடி. வீட்டைப் பொறுத்து ஏறத்தாழ 8,000 முதல் 15,000 டாலர் வரை மிச்சம். அதே ஆண்டில் இன்னொரு விதியும் தளர்ந்தது. அதுவரை முன்வீட்டின் பரப்பில் 33 சதவீதம் வரைதான் பின்வீடு கட்டலாம். அது 75 சதவீதமாக உயர்ந்தது, 800 சதுர அடி உச்சவரம்போடு.

அதற்கு முன் ஆண்டுக்கு முப்பது, நாற்பது அனுமதி என்று ஊர்ந்துகொண்டிருந்த எண்ணிக்கை, 2016இல் 600ஐத் தாண்டியது. தள்ளுபடி மட்டும் இதைச் செய்துவிட்டது என்று சொல்ல முடியாது. பரப்பு விதி தளர்ந்தது, பொருளாதாரம் மீண்டது, வாடகை ஏறியது. ஆனாலும் கட்டணம் எவ்வளவு பெரிய தடையாக இருந்தது என்பதை போர்ட்லண்ட் கண்கூடாகக் காட்டியது.

தள்ளுபடிக்கும் ஒரு விலை உண்டு. ஒரு வீட்டுக்கு 10,000 டாலர் என்று வைத்துக்கொண்டாலும் 600 வீட்டுக்கு 60 லட்சம் டாலர். அது பூங்காவுக்கும் சாலைக்கும் குழாய்க்கும் வந்திருக்க வேண்டிய பணம். அப்படி ஊர்ப் பணத்தில் சலுகை பெற்றுக் கட்டிய வீடு ஊர்க்காரருக்குக் குடியிருப்பாக இல்லாமல், சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்குப் போனால்? 2018இல் சலுகையை நிரந்தரமாக்கியபோது போர்ட்லண்ட் ஒரு நிபந்தனை சேர்த்தது. பத்து ஆண்டுகளுக்கு நாள் வாடகைக்கு விடுவதில்லை என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்தால்தான் தள்ளுபடி. ஊர் கொடுக்கும் சலுகைக்கு ஊர் கைம்மாறு கேட்டது, அது முறைதான்.

எட்டு அலகு

போர்ட்லண்டின் தள்ளுபடி வழி கலிஃபோர்னியாவுக்கு ஒத்துவரவில்லை. அங்கே 1996இல் நிறைவேறிய 218ஆம் முன்மொழிவின்படி, தண்ணீர், சாக்கடைக் கட்டணங்கள் அந்தச் சேவையின் செலவுக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு மனையும் தன் பங்குக்கு மட்டுமே கட்டும். ஒருவருக்குத் தள்ளுபடி செய்ததை இன்னொருவர் பில்லில் எளிதில் ஏற்ற முடியாது. ஆகவே கட்டணம் இருக்கட்டும், அது சுமைக்கு ஈடாக இருக்கட்டும் என்ற வழியை மாநிலம் எடுத்தது.

2016 செப்டம்பரில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் இரண்டு சட்டங்களில் கையெழுத்திட்டார். ஒன்றைக் கொண்டுவந்தவர் செனட்டர் பாப் வைகாவ்ஸ்கி, மற்றொன்றை ரிச்சர்ட் புளூம். 1978இல் 13ஆம் முன்மொழிவு வந்தபோதும், 1982இல் மெல்லோவின் சட்டம் வந்தபோதும் ஆளுநராக இருந்தவர் இதே பிரவுன். மூன்று திருப்பங்களும் ஒரே மனிதரின் இரண்டு ஆட்சிக் காலங்களில் நடந்தன.

2017 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி இதுதான். குடிநீர், கழிவுநீர் இணைப்புக் கட்டணம் போடும்போது கொல்லைப்புற வீட்டைப் புது வீடு என்று எண்ணக் கூடாது. இருக்கிற வீட்டுக்குள்ளேயே ஒரு பகுதியைப் பிரித்து அமைத்தால் தனி இணைப்பும் வேண்டாம், அதற்கான கட்டணமும் கிடையாது. தனியாகக் கட்டினால் கட்டணம் வாங்கலாம். ஆனால் பரப்பையோ குழாய்ப் பொருத்தங்களின் எண்ணிக்கையையோ வைத்து, சுமைக்கு ஏற்ற அளவே வாங்க வேண்டும். பல ஊர்களில் தண்ணீர் விநியோகத்தை நடத்துவது நகராட்சி அல்ல, தனி நீர் மாவட்டங்கள். அவற்றையும் இந்த விதி கட்டுப்படுத்தும் என்று மறு ஆண்டே இன்னொரு சட்டம் தெளிவாக்கியது.

பொருத்தங்களை எண்ணுவது எப்படி? கலிஃபோர்னியாவின் பிளம்பிங் விதித்தொகுப்பு கழிவுநீர்ச் சுமையை அலகுகளாக அளக்கிறது. கழிப்பறைக்கு 3, ஷவருக்கு 2, சமையலறைத் தொட்டிக்கு 2, வாஷ்பேசினுக்கு 1. ஒரு சிறு கொல்லைப்புற வீட்டில் இவை ஒவ்வொன்றும் ஒன்றுதான். மொத்தம் 8 அலகு. முன்வீட்டில் மூன்று குளியலறை, ஒரு சமையலறை, ஒரு வாஷிங் மெஷின் இருந்தால் 23 அலகு வரும். ஆக, பின்வீட்டின் சுமை முன்வீட்டின் சுமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இரண்டும் சேர்ந்து 31. வீட்டிலிருந்து தெருவுக்குப் போகும் 4 அங்குலக் குழாய், அடிக்குக் கால் அங்குலச் சரிவில் இருந்தால், 216 அலகு வரை தாங்கும் என்கிறது அதே தொகுப்பு. பல வீடுகளில் புதுக் குழாயே தேவைப்படாது என்பதை இந்த எண்களே சொல்கின்றன.

தெருக்குழாயின் நிலையும் அதுபோலத்தான். அமெரிக்காவில் 1994 முதல் விற்கும் வீட்டுக் கழிப்பறைகள் ஒரு முறைக்குச் சுமார் 6 லிட்டருக்கு மேல் விடக் கூடாது. அதற்கு முந்தைய பழைய தொட்டிகள் பல 19 லிட்டர் வரை விட்டவை. குடும்பங்களும் சிறுத்துவிட்டன. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 1970களில் இருந்ததைவிடப் பத்து லட்சம் பேர் கூடுதலாக இருந்தும் அன்றைவிடக் குறைவாகவே தண்ணீர் செலவழிக்கிறது. அன்றைய பெரிய குடும்பங்களுக்காகப் பதித்த குழாய்களில் இன்று இடம் இருக்கிறது. அந்த இடத்தைப் பயன்படுத்தும் வீட்டிடம், புதுக் குழாய் கேட்கும் வீட்டுக்கான தொகையை வாங்குவது நியாயமாகாது.

749 சதுர அடி

2019 அக்டோபரில் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்ட சட்டங்கள் இன்னும் தூரம் போயின. 2020 முதல், 750 சதுர அடிக்குக் குறைந்த கொல்லைப்புற வீட்டுக்குப் பூங்கா, சாலை போன்ற வளர்ச்சிக் கட்டணம் கிடையாது. 750 அல்லது அதற்கு மேல் என்றால், முன்வீட்டின் பரப்போடு ஒப்பிட்டு விகிதப்படி கட்ட வேண்டும். முன்வீடு 2,000 சதுர அடி, பின்வீடு 1,000 என்றால் பாதிக் கட்டணம். குடிநீர், கழிவுநீர் இணைப்புக் கட்டணம் இதில் சேராது. அது பழையபடி சுமைக்கு ஏற்ப.

கட்டுமான நிறுவனங்களின் வரைபட வரிசையில் 749 சதுர அடி என்று ஒரு புது அளவு தோன்றியது. ஒரு சதுர அடி கூடினால் கட்டண அட்டவணைக்குள் விழ வேண்டும் என்பதால் வந்த அளவு. சட்டத்தில் ஒரு கோட்டைக் கிழித்தால் வீடுகள் அந்தக் கோட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். குழந்தைகளோடு இருக்கும் குடும்பத்துக்கு இன்னோர் அறை வேண்டியிருக்கலாம். கோடு அதைத் தடுக்கிறது. சிறு வீட்டுக்கு விலக்கு அளித்தது நல்லதுதான். ஆனால் முதல் சதுர அடியிலிருந்தே சீராக ஏறும் விகிதம் இருந்திருந்தால் இந்தத் திடீர்ப் படிக்கட்டு வந்திருக்காது.

மற்ற ஊர்கள் வேறு வேறு பாதையில் போயின. டொரண்டோ 2018இல் சந்துப்பக்க வீடுகளை அனுமதித்தபோது, மனையைப் பிரித்து விற்காதவரை கட்டணத்தை 20 ஆண்டுகள் தள்ளிவைத்தது. வாஷிங்டன் மாநிலம் 2023இல், முன்வீட்டுக்கு விதிக்கும் வளர்ச்சிக் கட்டணத்தில் 50 சதவீதத்துக்கு மேல் பின்வீட்டிடம் வாங்கக் கூடாது என்றது. தள்ளுபடி, தவணை, உச்சவரம்பு, விகிதம் என்று வழிகள் நான்கு. நான்கிலும் நகரங்கள் ஒப்புக்கொண்டது ஒன்று: பின்வீடு ஒரு முழுப் புதுவீடு அல்ல.

பழைய குழாயின் பங்கு

நகரத்தின் தரப்பையும் சொல்லியாக வேண்டும். குழாயில் இடம் இருப்பது வேறு, குழாய் நன்றாக இருப்பது வேறு. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குக் கரையில் ஓக்லண்ட், பெர்க்லி போன்ற ஊர்களில் வீட்டிலிருந்து தெருவுக்குப் போகும் குழாய்கள் பல, பழைய களிமண் குழாய்கள். இணைப்புகளில் மர வேர் நுழைந்திருக்கும், விரிசல் விட்டிருக்கும். மழைக்காலத்தில் மண்ணில் ஊறும் நீர் அந்த விரிசல் வழியே உள்ளே புகுந்து, சுத்திகரிப்பு நிலையத்தால் தாங்க முடியாமல், கழிவுநீர் வளைகுடாவில் கலந்தது. மத்திய அரசின் சுற்றுச்சூழல் முகமை தலையிட்டது. அதன் விளைவாக, வீடு கைமாறும்போதும், 1,00,000 டாலருக்கு மேல் கட்டுமான வேலை நடக்கும்போதும் வீட்டுக்காரர் தன் குழாயைச் சோதித்துச் சான்று பெற வேண்டும் என்ற விதி வந்தது. கசிந்தால் அவரே சரிசெய்ய வேண்டும்.

பின்வீட்டில் குடியேறும் ஒரு முதியவரின் 8 அலகைவிட, முன்வீட்டின் விரிசல் குழாய் ஒரு மழை இரவில் உள்ளே விடும் நீர்தான் நகரத்துக்குப் பெரிய தலைவலி. பின்வீடு கட்டும்போது அந்தக் குழாய் சரியாகிறது என்றால், நகரத்தின் சுமை குறையவும் செய்யலாம். இதை எந்தக் கட்டண அட்டவணையும் வரவாக எழுதவில்லை. வரியும் அப்படித்தான். 13ஆம் முன்மொழிவின் கீழும் புதுக் கட்டுமானம் இன்றைய மதிப்புக்கே வரி கட்டுகிறது. 2,00,000 டாலர் மதிப்புள்ள பின்வீடு ஆண்டுக்கு 2,000 டாலர் அடிப்படை வரி தருகிறது. நகரம், கவுண்டி, பள்ளி எல்லாம் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. நகர விளிம்பில் புதுத் தெரு போட்டு எழும்பும் வீடும் அதே விகிதத்தில்தான் வரி கட்டும். ஆனால் அது புதுச் சாலை, புதுக் குழாய், புதுத் தீயணைப்பு நிலையம் எல்லாம் கேட்கும்.

அதற்காகப் பின்வீடு எதையுமே கட்ட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் வரும் வீடு தண்ணீருக்குப் பணம் கட்டத்தான் வேண்டும். அளந்து வாங்குங்கள், தள்ளுபடி என்றால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்பதுதான் என் வாதம். வசூலிக்க வசதியாக இருக்கிறது என்பதற்காக 400 சதுர அடியையும் 4,000 சதுர அடியையும் ஒரே தட்டில் வைத்த அந்த நாற்பது ஆண்டுகளில், கட்டப்படாமலே போன வீடுகளுக்குக் கணக்கு இல்லை; அவற்றில் வாழ்ந்திருக்க வேண்டியவர்கள் தூரத்து ஊர்களுக்குப் போய்விட்டார்கள்.

முன்வீட்டுக்கும் வந்த கணக்கு

சிறு வீட்டில் ஆரம்பித்த அளவை அதோடு நிற்கவில்லை. 2018இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டெர்னர் மையம் ஏழு கலிஃபோர்னிய நகரங்களின் கட்டணங்களை ஆராய்ந்தது. ஊரைப் பொறுத்து, நடுத்தர வீட்டு விலையில் 6 முதல் 18 சதவீதம் வரை கட்டணமே இருந்தது. பின்வீட்டுக்குச் சுமைப்படி என்றால், மற்ற வீடுகளுக்கு மட்டும் ஏன் வீட்டுக்கு இவ்வளவு என்று இருக்க வேண்டும்? 2021இல் வந்த சட்டம் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது. 2022 ஜூலைக்குப் பிறகு நகரங்கள் செய்யும் கட்டண ஆய்வுகள், பொதுவாக வீட்டின் பரப்புக்கு ஏற்ற விகிதத்திலேயே கட்டணம் போட வேண்டும். வேறு அளவை வேண்டுமென்றால் காரணம் காட்ட வேண்டும். கொல்லைப்புறத்தில் பிறந்த கணக்கு ஐந்தே ஆண்டுகளில் முன்வாசலுக்கு வந்துவிட்டது.

ஆனால் ஒரு கேள்வி நீதிமன்றத்தில் மிச்சம் இருந்தது. டோலன் தீர்ப்பு ஒரு தனி அனுமதியில் வைத்த நிபந்தனையைப் பற்றியது. மன்றம் கூடி எல்லோருக்கும் பொதுவாக இயற்றிய கட்டண அட்டவணைக்கும் அது பொருந்துமா? கலிஃபோர்னிய நீதிமன்றங்கள் பொருந்தாது என்று சொல்லிவந்தன. எல் டொராடோ கவுண்டியில், தன் மனையில் 1,800 சதுர அடித் தயார்நிலை வீடு ஒன்றை வைக்க வந்தவரிடம் 23,420 டாலர் சாலைக் கட்டணம் கேட்டார்கள். அவர் பணத்தைக் கட்டிவிட்டு வழக்குப் போட்டார். 2024 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக ஒரு தீர்ப்பு சொன்னார்கள். அந்தத் தீர்ப்பு எதைத் தீர்த்தது, எதைத் திறந்துவிட்டது, அமெரிக்க நகரங்களின் கட்டண அட்டவணைகள் ஏன் இப்போது மறுபடி எழுதப்படுகின்றன என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)